செவிலி கையில் பாற்கிண்ணம்

நற்றிணையின் 110ஆம் பாடலில், நரைத்த கூந்தலையுடைய செவிலியர், தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, உண்ண மறுத்தோடும் சிறுமியின் பின்னே ஓடித் தளர்கின்றனர். பிறர் பெற்ற பிள்ளைக்கு உணவூட்டுவதன் அருமையைப் போதனார் அன்றே காட்டிவிட்டார்.

இன்று தலத்தெருவில் ஒரு தாய் பணிக்கோ படிப்புக்கோ புறப்படுகையில், குழந்தையைப் பாட்டியிடமோ அயல்வீட்டு அம்மையாரிடமோ ஒப்படைக்கிறாள். அவள் வகுத்த உணவுமுறை, அவள் படியிறங்கிய பின்னும் வழுவாது நடக்க வழி யாது?

முதலாவது, காரணத்தை விளக்குதல். "தேன் கொடுக்காதீர்கள்" என்று மட்டும் கூறினால், பல பிள்ளைகளை வளர்த்த முதியவர் மனம் நோவார். ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில், தேனிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும் என்று விளக்கினால், அவரே காவலராவார். முதல் ஆறு மாதம் தண்ணீரும் வேண்டா. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரே என்பதையும் எடுத்துரைக்கலாம்.

இரண்டாவது, எழுதிவைத்தல். எடுத்துவைத்த தாய்ப்பால் 25 பாகை வெப்பத்திற்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமே தாங்கும். நம் கடற்கரை வெயிலில் அதனை நம்பலாகாது. குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். கலந்தோறும் நாளும் நேரமும் குறித்தல் வேண்டும். பாலை அடுப்பிலேற்றாமல், கலத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குதல் நன்று. கொதிநீரில் தூய்மை செய்த பாலாடையால் புகட்டலாம். குடித்து எஞ்சியதை 2 மணி நேரத்திற்குப் பின் கொட்டிவிட வேண்டும். எழுத்தறியாதவருக்குக் கடிகாரப் படம் வரைந்து கொடுக்கலாம்.

மூன்றாவது, ஒருநாள் உடனிருந்து காணுதல். குழந்தை வாயைத் திறந்து தேடினால் பசி. முகத்தைத் திருப்பினால் போதும் என்பது பொருள். வற்புறுத்தி ஊட்டலாகாது. ஆறு மாதம் நிரம்பியபின், பாலுடன் நாளுக்கு 2 அல்லது 3 முறை குழைத்த சோறும் பருப்பும் ஊட்டுவதையும் அன்றே காட்டிவிடலாம்.

இவையனைத்தினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. மாலையில் நாம் கேட்பது விசாரணையாக அமையாமல் உரையாடலாக அமைதல் வேண்டும். கடிந்துரைக்கு அஞ்சுபவர் தவற்றை மறைப்பார். மறைத்த தவறே குழந்தைக்குக் கேடாகும். பால்குடி மறத்தலைப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து முடிவு செய்யலாம் என்றும், பிறரைக்கொண்டு பாலூட்டுவித்தால் அவருக்குரியதை முறையாகக் கொடுக்க வேண்டும் என்றும் திருக்குர்ஆன் (2:233) வழிகாட்டுகிறது. கலந்து பேசுதலும் உரியதைக் கொடுத்தலும் நம்மிடம் இருப்பின், பாற்கிண்ணம் நம்பிக்கைக்குரிய கையிலேயே இருக்கும்.