கொரில்லா வரும் வாழைத் தோட்டம்

காட்டை ஒட்டிப் பயிர் செய்யும் விவசாயிக்கு ஓயாத காவல்தான். பாடுபட்டு வளர்த்த பயிரை விலங்கு ஒரே நாளில் அழித்துவிடுகிறது. அதே விலங்கைக் காண அயல்நாட்டுப் பயணிகள் பெரும் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் விவசாயிக்கு என்ன பங்கு? ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டிலுள்ள பிவிண்டி மழைக்காடு இதற்கு நல்ல பாடமாகும்.

சுமார் 330 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காடு 1991-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. அன்று முதல் மரம், தேன், மூலிகை எடுக்கத் தடை வந்தது. காட்டிலேயே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊரார் ஆத்திரமடைந்தனர், காட்டுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. 1994 முதல் சில பகுதிகளில் தேன்கூடு வைக்கவும் மூலிகை எடுக்கவும் அனுமதி கிடைத்த பிறகே பகை தணியத் தொடங்கியது.

வாழைக்கு வரும் ஆபத்து

இங்குள்ள மலைக் கொரில்லா, வாலில்லாக் குரங்கு இனத்தைச் சேர்ந்தது. பயணிகளைக் கண்டு மிரளாதபடி சில கூட்டங்கள் பழக்கப்பட்டுள்ளன. மனிதரிடம் அச்சம் போனதால் இவை தோட்டங்களுக்கும் வருகின்றன. வாழைப்பழத்தைவிடத் தண்டையே விரும்புவதால் மரத்தையே கிழித்துச் சாய்த்துவிடுகின்றன. ஆனால் அதிகச் சேதம் செய்பவை பபூன் குரங்குகளும் காட்டுப் பன்றிகளுமே. அவற்றைக் காண எந்தப் பயணியும் பணம் கொடுப்பதில்லை!

தடுப்பு முறைகள்

ஊர்த் தொண்டர்கள் குழுவாகச் சேர்ந்து, ஓசை எழுப்பி, கொரில்லாக்களைத் துன்புறுத்தாமல் காட்டுக்குத் திருப்புகிறார்கள். காட்டின் ஓரத்தில் தேயிலை பயிரிடுவது மற்றொரு முறை. கொரில்லா தேயிலையைத் தின்பதில்லை. ஆனால் தேயிலை வீட்டுச் சோற்றுக்கு உதவாது. விலை இறங்கினால் கை கடிக்கும். எனவே சிறு விவசாயி நிலம் முழுவதையும் அதற்கு விட்டுவிடக் கூடாது.

1996-ல் இங்குள்ள கொரில்லாக்களுக்குச் சொறி நோய் கண்டது. தோட்டத்துப் பொம்மைகளுக்கு உடுத்தியிருந்த பழந்துணியிலிருந்து அது தொற்றியிருக்கலாம் எனக் கருதப்பட்டது. ஊராரின் உடல்நலமும் விலங்கின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அப்போது விளங்கியது. இன்று ஒரு கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு 8 பயணிகளுக்கே, அதுவும் 1 மணி நேரத்துக்கே அனுமதி. நோயுற்றவர் போகக் கூடாது.

பங்கு யாருக்கு?

1996-ல் வந்த சட்டப்படி, பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுப்புற ஊர்களுக்குச் சேர வேண்டும். பள்ளி, சாலை, ஆடு வளர்ப்பு போன்றவற்றுக்கு இது உதவுகிறது. ஆனால் கொரில்லா காணும் அனுமதிச் சீட்டின் விலை பல நூறு டாலர். நுழைவுக் கட்டணமோ அதில் சிறு பகுதியே. எனவே 20 சதவீதம் என்பது காதுக்கு இனித்தாலும் கைக்கு வருவது குறைவு. அதிலும் பயிரை இழந்தவருக்கும், சாலையோரத்தில் இருப்பவருக்கும் ஒரே பங்கு என்றால் அது நியாயமாகாது.

ஆயினும் பலன் இல்லாமல் இல்லை. 2018 கணக்கெடுப்பில் பிவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ நாட்டுக் காட்டிலும் சேர்த்து 459 கொரில்லாக்கள் இருந்தன, எண்ணிக்கை ஏறுமுகமே. வழிகாட்டி வேலை, சுமை தூக்கும் கூலி, காப்பி விற்பனை எனச் சில குடும்பங்களுக்கு வருவாயும் உண்டு.

காட்டோர விவசாயிகள் இதிலிருந்து அறிய வேண்டியவை மூன்று. விலங்கு தின்னாத பயிரை எல்லையிலும், உணவுப் பயிரை உள்ளேயும் இடுவது நல்லது. காவலைத் தனியே செய்யாமல் ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டும். சுற்றுலா வருகிறது என்றால் பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எந்தத் தொகையில் பங்கு என்றும் முதலிலேயே கேட்டுத் தெளிய வேண்டும்.