கருணாபுரத்தில் நழுவிய நேரமும் காகிதத்தில் ஒட்டிய நொதியும்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று அடுத்தடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல இடங்களில் சிகிச்சை நடந்தும் 65-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்ற விளக்கமே தொடக்கத்தில் அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்தது. பறிமுதல் செய்யப்பட்ட சாராயத்தில் மெத்தனால் இருப்பதை விழுப்புரம் தடய அறிவியல் ஆய்வகம் பின்னர் உறுதி செய்தது. இதற்கிடையே, துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளியாயின.

யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். 'இது மெத்தனால்தான்' என்று தெரிந்துகொள்ள ஆகும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்பதே இங்கு நாம் பார்க்கப்போவது.

மது நமக்கு ஹராம். ஆகவே இது நம் வீட்டுக் கதையல்ல என்று ஒதுங்கிவிட முடியாது. மது தடைசெய்யப்பட்ட ஈரானிலேயே 2020-ல், கொரோனாவுக்கு மருந்தாகும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

விஷமாக மாற்றுவது எது?

மெத்தனால் உள்ளே போன உடனேயே ஆளைக் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி, அதாவது என்சைம், அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கண் நரம்பைக் கெடுப்பதும், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பதும், இரத்தத்தை அமிலமாக்குவதும் இந்த ஃபார்மிக் அமிலம்தான்.

இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. கடும் அறிகுறிகள் தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த அவகாசத்துக்குள் நோயாளி வந்துவிட்டால், முதல் நொதியைத் தடுக்கும் ஃபோமிபிசோல் என்ற மருந்தைக் கொடுத்து, டயாலிசிஸ் மூலம் மெத்தனாலை வெளியேற்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2013 முதல் இந்த மருந்து இருக்கிறது. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? மெத்தனாலைத் துல்லியமாக அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கும் நேரத்தில், உடலுக்குள் அமிலம் ஏறிக்கொண்டே போகும்.

கட்டிப்போட்ட நொதி

இங்கேதான் ஒரு பழைய உத்தி கைகொடுக்கிறது. நொதியைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தாமல், ஏதாவது ஒரு பொருளின் மேல் ஒட்டிவைத்துப் பயன்படுத்துவது. கரியின் மேல் ஒட்டிக்கொண்ட நொதி தன் வேலையை விடாமல் செய்கிறது என்று நெல்சன், கிரிஃபின் என்ற இருவர் 1916-லேயே கண்டார்கள். 1962-ல் கிளார்க், லயன்ஸ் ஆகியோர், சர்க்கரையை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதியை மின்முனையோடு சேர்த்து, சர்க்கரையை அளக்கும் முறையை முன்வைத்தார்கள். நம் வீடுகளில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சுகர் பார்க்கும் ஸ்டிரிப் அந்த வழியில் வந்ததுதான். அதன் நுனியில் காய்ந்து படிந்திருக்கும் நொதி, ஒரு சொட்டு இரத்தம் பட்டதும் வேலையைத் தொடங்கிச் சில விநாடிகளில் விடை சொல்கிறது.

இதே உத்தி புரத ஆய்வகத்திலும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு புரதம் எது என்று கண்டுபிடிக்க, அதை டிரிப்சின் என்ற நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, அத்துண்டுகளின் நிறையைக் கருவியில் பார்ப்பார்கள். வழக்கமான முறையில் வெட்டுவதற்கே ஓர் இரவு பிடிக்கும். டிரிப்சினை நிறையச் சேர்த்து அவசரப்படுத்தவும் முடியாது. கரைசலில் டிரிப்சின்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஆகவே ஐம்பது பங்கு புரதத்துக்கு ஒரு பங்கு டிரிப்சின் என்ற அளவில் கொஞ்சமாகவே சேர்ப்பார்கள்.

டிரிப்சினை நுண்ணிய மணிகளின் மேல் கட்டிப்போட்டால் அவை ஒன்றையொன்று நெருங்க முடியாது. அதனால் நெருக்கமாக நிரப்பலாம். ஓரிரவு வேலை சில நிமிடங்களில் முடிகிறது. மணிகளை வடிகட்டி எடுத்துவிட்டால் டிரிப்சினும் கலவையிலிருந்து நீங்கிவிடும்.

மாத்திரை உறையிலும் மிட்டாயிலும் உள்ள ஜெலட்டின் மாட்டினுடையதா பன்றியினுடையதா என்று பார்க்கும் சோதனையும் புரதத்தை வெட்டிப் பார்ப்பதுதான். இரு விலங்குகளின் ஜெலட்டினும் மிகவும் ஒத்தவை. சில துண்டுகள் மட்டுமே வேறுபடும். அந்தத் துண்டுகளே சாட்சி. வெட்டும் நேரம் குறைந்தால் ஒரே நாளில் கூடுதல் மாதிரிகளைச் சோதிக்க முடியும்.

மெத்தனாலுக்கும் ஒரு ஸ்டிரிப்

நார்வேயின் ஓஸ்லோவில் உள்ள மருத்துவ ஆய்வாளர்கள் இதே வழியில் யோசித்தார்கள். மெத்தனாலைத் தேடுவதற்குப் பதிலாக, அது உண்டாக்கும் ஃபார்மிக் அமிலத்தைத் தேடுவோம் என்றார்கள். அந்த அமிலத்தின் உப்பாகிய ஃபார்மேட்டை மட்டும் பிடிக்கும் ஒரு நொதியை ஸ்டிரிப்பில் உலர்நிலையில் வைத்தார்கள். நோயாளியின் இரத்தம் பட்டால், நொதி ஃபார்மேட்டை உடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அது ஸ்டிரிப்பின் நிறத்தை மாற்றும். படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய இந்தச் சோதனை பற்றிய ஆய்வு 2015-ல் வெளியானது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. குடித்த சிறிது நேரத்திலேயே வந்தவருக்கு அமிலம் இன்னும் உருவாகியிருக்காது. ஸ்டிரிப் நிறம் மாறாது. அப்போது மருத்துவர் நோயாளியின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கும். இருந்தாலும், கூட்டம் கூட்டமாக நோயாளிகள் வந்து சேரும் ஓர் இரவில், யாருக்கு முதலில் டயாலிசிஸ் என்று முடிவு செய்ய இத்தகைய ஒரு ஸ்டிரிப் பேருதவியாக இருக்கும். மரக்காணம், செய்யூர் பகுதிகளில் 2023 மே மாதம் 20-க்கும் மேற்பட்டோரை மெத்தனாலுக்குப் பறிகொடுத்து, அடுத்த ஆண்டே கருணாபுரத்தையும் பார்த்த நம் மாநிலத்துக்கு இது ஆடம்பரமல்ல.

நாம் செய்ய வேண்டியது

மணத்தாலும் ருசியாலும் மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்தவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, உடன் குடித்த அனைவரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கை வைத்தியமும் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது. நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வழிதவறியிருந்தால், மானம் போய்விடுமே என்று 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' எனச் சொல்லத் தோன்றும். அந்த ஒரு பொய், ஸ்டிரிப்பும் மருந்தும் மிச்சப்படுத்தித் தரும் நேரம் முழுவதையும் தின்றுவிடும். கண்டிப்பதற்குப் பிறகு நாள் இருக்கிறது. முதலில் அந்தப் பிள்ளை உயிரோடும் பார்வையோடும் வீடு திரும்பட்டும்.