கரண்ட் பில்லை ஏற்றுவது எது?

மிக்ஸி ஓடினால் அடுத்த வீடு வரை கேட்கிறது. கரண்டை இழுப்பது இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். சத்தமில்லாமல் சுற்றும் சீலிங் ஃபேன் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் மாதக் கணக்கில் ஃபேன்தான் மிக்ஸியைவிடப் பல மடங்கு அதிகம் எடுக்கிறது.

இதை நாமே கணக்கிடலாம். சாதனத்தில் அச்சிட்டிருக்கும் வாட் அளவை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 750 வாட் மிக்ஸியைத் தினமும் 10 நிமிடம் ஓட்டினால் 60 நாளில் ஏழரை யூனிட். 150 வாட் கிரைண்டரில் வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் மாவாட்டினால், அதே 60 நாளில் 3 யூனிட்கூட ஆகாது. 75 வாட் ஃபேன் தினமும் 10 மணி நேரம் சுற்றினால் 45 யூனிட். மூன்று ஃபேன் என்றால் 135!

பழைய ஃபேனின் இண்டக்‌ஷன் மோட்டார், வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. பிஎல்டிசி ஃபேனில் நிரந்தரக் காந்தங்களும் மின்னணுக் கட்டுப்பாடும் இருப்பதால், ஏறத்தாழ அதே காற்றுக்கு 30 வாட் அளவே போதும். அதே மூன்று ஃபேன்களும் 54 யூனிட்டில் அடங்கிவிடும்.

சூடாக்கும் சாதனங்களின் கதை வேறு. அவை கொஞ்ச நேரமே ஓடினாலும் நிறைய எடுக்கும். தண்ணீர் எளிதில் சூடேறாத பொருள். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடாக்கக் கிட்டத்தட்ட 0.6 யூனிட் தேவை. எந்த கம்பெனியின் சாதாரண கீசரை வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. வெந்நீரை அளவாகப் பயன்படுத்துவது, மாடியில் சோலார் ஹீட்டர் வைப்பது ஆகியவையே சிக்கனத்துக்கு வழி.

அதிக வாட், அதிக நேரம் இரண்டும் சேரும் இடம் ஏசி. ஒன்றரை டன் பழைய ஏசி, கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 1500 வாட் எடுக்கும். இரவு முழுக்க ஓடினால் 8 யூனிட் வரை போகலாம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். 18-இல் போர்வைக்குள் சுருண்டு படுப்பதைவிட, 25-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுவது உடம்புக்கும் பில்லுக்கும் நல்லது.

ஃபிரிட்ஜும் ஏசியும் வாங்கும்போது விலைச்சீட்டோடு நட்சத்திர லேபிளையும் படியுங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதிலேயே இருக்கும். விலை ஒரு முறை கொடுப்பது. அந்த யூனிட்டுகளுக்கோ, சாதனம் உழைக்கும் காலம் முழுக்கப் பணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுகிறது. ஆகவே சிக்கனத்தை மிக்ஸியில் தேடாதீர்கள். ஃபேன், கீசர், ஏசி இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள்.