நார்க்கொண்டத்து இருவாட்சி

அந்தமான் தீவுகளின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வட அந்தமானிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். வெறும் கடல்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றபின் ஒரு புள்ளி தென்படும். அதுவே நார்க்கொண்டம். 'நரக குண்டம்' என்ற சொல் இவ்வாறு மருவிற்று என்பர். அது அடங்கிக் கிடக்கும் எரிமலை. கடலிலிருந்து சுமார் 710 மீட்டர் உயரம் எழுந்து நிற்கிறது. பரப்போ 6.8 சதுர கிலோமீட்டர் அளவே. நீர் நிறைந்த நம் செம்பரம்பாக்கம் ஏரி இதனினும் பெரிது!

உலகில் வேறெங்கும் காணப்படாத இருவாட்சி இனம் ஒன்று இத்தீவுக் காட்டில் வாழ்கிறது. 1873-ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஏ. ஓ. ஹியூம். ஆம், இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தோரில் ஒருவராக நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த அதே ஹியூம்தான். அவர் பறவையியல் அறிஞருமாவார்.

ஆனைமலைக் காடுகளில் பெரிய இருவாட்சியைக் கண்டவர்களுக்கு இது சிறியதாகவே தோன்றும். நீளம் ஏறக்குறைய இரண்டடி. ஆண் பறவையின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறம். பெண்ணுக்கு அவை கருமை. இரண்டுக்கும் வால் வெண்மை.

இதன் இல்லற வாழ்க்கை விந்தையானது. முதிர்ந்த மரத்தின் பொந்தினுள் பெண் பறவை புகுந்துகொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டு, வாயிலை அடைத்துக்கொள்கிறது. அங்கேயே முட்டையிட்டு அடைகாக்கிறது. அத்தனை நாளும் ஆண் பறவைதான் அத்திப் பழங்களையும் பிற கனிகளையும் கொணர்ந்து ஊட்ட வேண்டும். அக்காலத்தில் ஆண் பறவை ஒன்று சுடப்பட்டால் பொந்தினுள் இருக்கும் குடும்பத்தின் கதி என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெரிய மரங்கள் வெட்டப்பட்டாலோ, கூடு வைக்க இடமே இராது.

இவ்விரண்டு தீங்குகளும் அங்கு நிகழ்ந்தன. 1969-இல் தீவில் காவல் நிலையம் ஒன்று அமைந்தது. காவலர்களின் தேவைக்காகக் காட்டின் ஒரு பகுதி அழிந்து தென்னையும் வாழையும் எழுந்தன. விறகுக்கும் மரங்கள் போயின. சில காலம் பறவைகளும் வேட்டையாடப்பட்டன. தனிமைத் தீவில் மாதக்கணக்காக இருந்தவர்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. அப்பறவையின் அருமையை அவர்களுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

1976-இல் உணவுக்காக ஆடுகள் சில கொண்டுவரப்பட்டன. அவை நூற்றுக்கு மேல் பெருகி, காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. இன்று நிற்கும் மரம் சாயும்போது அதன் இடத்தை நிரப்பக் கன்று இல்லையெனில் காடு மெல்ல மெல்லக் கிழடாகிவிடும். 1977-இல் தீவு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; ஆயினும் ஆடுகள் அகற்றப்பட மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. நம் கோயம்புத்தூரிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் இத்தீவில் ஆய்வு செய்து இவ்வாபத்தை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர்.

பின்னர் வேறொரு வினா எழுந்தது. கடலோரக் காவல்படை இங்கு ரேடார் நிலையம் அமைக்க விரும்பியது. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012-இல் மறுத்தது; 2014-இல் இசைந்தது. நாட்டின் பாதுகாப்பைச் சிறிதென்று சொல்ல எவரும் துணியார். ஆயினும் ரேடாருடன் சாலை வரும், மின்னாக்கி வரும், ஆட்கள் வருவர், அவர்களுக்கு விறகும் வேண்டியிருக்கும். பழைய கதை மீண்டும் தொடங்கலாம் என்ற அச்சம் வீணானதன்று.

மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. 2019-20-இல் மைசூரின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, சுமார் ஆயிரம் பறவைகள் இருக்கலாம் என மதிப்பிட்டனர். சதுர கிலோமீட்டருக்கு 150 பறவைகள்! உலகில் எந்த இருவாட்சி இனமும் இத்தனை நெருக்கமாக வாழ்வதாகப் பதிவில்லை. தீவில் அத்தி மரங்கள் மிகுந்திருப்பதே காரணம். அந்த அத்தி விதைகளைத் தீவெங்கும் தூவி வருவதும் பெரும்பாலும் இப்பறவைதான். எனினும், ஒரே ஒரு கொடும்புயல் அத்தனை மரங்களையும் ஓரிரவில் சாய்த்துவிட்டால், இவ்வினத்துக்குப் பறந்து போய் ஒதுங்க இன்னொரு நார்க்கொண்டம் கடலில் இல்லை.