கப்பல் வந்தால் போகலாம்

அந்தமான் போய்வர ஒரு சுற்றுலா நிறுவனம் சொன்ன தொகையைக் கேட்டதும், "இந்தக் காசுக்கு நம்ம தெருவையே கூட்டிட்டுப் போகலாமே அண்ணி" என்றாள் என் நாத்தனார். தெருவைக் கூட்டிப் போகவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு தோள்பையோடு, ஏற்பாட்டையெல்லாம் நாங்களே பார்த்துக்கொண்டு கிளம்பினோம்.

கூட்டமெல்லாம் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறது. அதற்குத் தெற்கே இருக்கும் சின்னஞ்சிறு நீல் தீவில் அறை வாடகை குறைவு. 2018 டிசம்பரில் இதற்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சு வழக்கில் இன்னும் நீல்தான். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதியின் பெயர் அது. அவர் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றதும், அதை அகற்றச் சொல்லி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்ததும், 1937-இல் ராஜாஜி ஆட்சியில் அது எடுக்கப்பட்டதும் நம் ஊர்க் கதை. தீவிலிருந்து அந்தப் பெயரை எடுக்க மேலும் எண்பது வருடம் ஆகியிருக்கிறது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். (அந்த ஊரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.) அங்கிருந்து நீல் தீவுக்குக் கடல்வழி. தனியார் சொகுசுக் கப்பலில் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். அரசுக் கப்பலில் நன்றாகவே குறைவு. இரண்டு மணி நேரம் ஆகும், மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். ஆனால் அந்த டிக்கெட் சில நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வரும், தீவுக்காரர்களுக்கே முன்னுரிமை. இதைக் குறையாகச் சொல்பவர்களைப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு அது உல்லாசப் பயணம். அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற டவுன் பஸ். துறைமுகத்துக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் விஷயத்தை ஒரே வரியில் முடித்தார்: "கப்பல் வந்தா போகலாம்க்கா, வராட்டி நாளைக்கு."

தீவில் முதலில் ஏமாற்றுவது சூரியன். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் இறங்கிவிடுகிறது. எங்கள் விடுதியில் தங்கியிருந்த கோவைக் குடும்பம் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாவகாசமாகத் தூங்கி எழுந்து, லட்சுமண்பூர் கடற்கரைக்கு அஸ்தமனம் பார்க்கப் போனது. டார்ச் விளக்கோடு திரும்பி வந்தார்கள்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, கடல் காணாமல் போவது. மெரினாவில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். நம் கண்ணுக்கு அது படாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகும். கரையை ஒட்டித் தட்டையான பவளப்பாறை பரந்து கிடப்பதால், தண்ணீர் வற்றினால் வெகுதூரத்துக்குப் பாறையும் குட்டையும்தான். பரத்பூர் கடற்கரையில் ஆசையாகக் குளிக்க இறங்கிய நாத்தனாருக்கு முழங்கால் ஆழம்கூடக் கிடைக்கவில்லை. பாதத்தில் பவளம் கிழித்ததுதான் மிச்சம். பவளக் கீறல் லேசில் ஆறாது. நல்ல தண்ணீரில் கழுவி, மருந்து போட்டு, பிறகும் இரண்டு நாள் கவனிக்க வேண்டும். ரப்பர் அடி வைத்த செருப்பு இல்லாமல் இறங்கவே கூடாது.

ஆனால் அதே வற்றம்தான் இந்தத் தீவின் பெரிய காட்சியையும் திறந்துவிடுகிறது. கடல் அரித்து அரித்து வளைவாக்கிய இயற்கைப் பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் வற்றினால்தான் அதன் அடிக்கு நடந்து போக முடியும். வழியில் உள்ள குட்டைகளில் கடல் அட்டைகளும் நண்டுகளும் குட்டி மீன்களும். டிக்கெட் இல்லாத மீன்காட்சியகம்! ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்; ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நேற்று யாரோ பத்து மணிக்குப் பார்த்தார்கள் என்று இன்று அதே பத்து மணிக்குப் போய் நிற்காதீர்கள். காலையில் விடுதிக்காரரிடம் "இன்னைக்கு எப்போ வத்தும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

இங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள். சோறு, பருப்பு, மீன் குழம்பு என்று அவர்களின் சிறு கடைகளில் வயிறார, மலிவாகச் சாப்பிடலாம். இங்கு விளையும் காய்கறி ஸ்ரீ விஜயபுரத்துக்கே போகிறது. அவசரம் மட்டும் கூடாது. சொன்ன பிறகுதான் அடுப்புப் பற்றும். ஊர் சுற்ற வாடகை சைக்கிள் போதும். பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏடிஎம்மையும் செல்போன் சிக்னலையும் நம்ப வேண்டாம். மாலை மணலில் வெறுங்காலோடு உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள் என்றார் சாப்பாட்டுக் கடை அம்மாள்.

கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது அது. செத்த பவளமானாலும் விமான நிலையச் சோதனையில் பிடித்தால் வழக்குதான். பேரனுக்கென்று நாத்தனார் பொறுக்கியதையெல்லாம் அங்கேயே கொட்ட வைத்தேன். அந்தக் கோபம் கப்பல் ஏறும் வரை தீரவில்லை.

கப்பலும் நினைத்தபடி வரவில்லை. கடல் கொந்தளிப்பு என்று அன்றைய பயணத்தை நிறுத்திவிட்டார்கள். கோவைக் குடும்பத்துக்கு மறுநாள் காலை விமானம். நான்கு டிக்கெட்டும் வீண். மிச்சம் பிடித்த காசைப்போல இரண்டு பங்கு அதில் போயிற்று. பருவமழை கேரளத்துக்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தையொட்டி அந்தமானைத் தொட்டுவிடும். புயல் மாதங்களும் உண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது உத்தமம். எப்போது போனாலும், திரும்பும் விமானத்துக்கு ஒரு முழு நாள் முன்னதாகவே ஸ்ரீ விஜயபுரம் வந்துசேரும்படி டிக்கெட் போடுங்கள்.