இரும்பறுக்கும் வாளலகைத் தெரிந்தெடுத்தல்

வினாயகபுரம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றினால் நீரிறைக்கும் இரும்புக் குழாய்கள் விரைவில் துருப்பிடிக்கும். பழுதான பகுதியை அறுத்து நீக்கும்பொழுது வாளலகின் பற்கள் உடைந்தால் அன்றைய நீர்ப்பாய்ச்சலே தடைப்படும். அலகு தரங்குறைந்ததென்று கடைக்காரரைக் குறைகூறுவோர் பலர். பற்களின் நெருக்கத்தைக் கவனிப்போர் சிலரே.

அறுபடும் உலோகத்தின் கனத்தில் எப்பொழுதும் மூன்று பற்களாயினும் படிந்திருத்தல் வேண்டும். குழாய்ச் சுவரின் கனம் 1/8 அங்குலமாயின், அங்குலத்திற்கு 24 பற்களுள்ள அலகில் மூன்று பற்கள் படியும். 18 பற்களுள்ள அலகிலோ இரண்டே படிந்து, விளிம்பிற் சிக்கி முறியும். மெல்லிய தகட்டிற்கு 32 பற்களுள்ள அலகே ஏற்றது. தகட்டை இரு பலகைகளுக்கிடையே இறுக்கி, பலகையோடு சேர்த்தறுத்தல் நன்று. தடித்த இரும்புக் கம்பிக்கு 18 போதுமானது. நெருங்கிய பற்களின் இடையில் இரும்புத்தூள் அடைந்துவிடும். பற்களின் கூர் கைப்பிடிக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு அலகைப் பூட்டுதல் வேண்டும்.