மாணவர்களின் இரண்டு நாள் கடை

சாந்திநிகேதன் கலாபவனத்தில் டிசம்பர் 1, 2 தேதிகளில் தூரிகைகளுக்கு ஓய்வு. எம்.எஃப்.ஏ. மாணவர்கள் கடை விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் சுட்ட மண் குவளைகள், அச்சிட்ட காலண்டர்கள், ஆசிரியர்களின் ஓவியங்கள் எல்லாமே நந்தன் மேளாவில் விற்பனைக்கு. கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து பேரம் பேசுபவர்களும் உண்டு.

மேளா 1973ல் தொடங்கக் காரணம் கலை அல்ல, ஆஸ்பத்திரிச் செலவு. விபத்தில் சிக்கிய ஒரு மாணவரின் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. இன்னொருவருக்கு அப்படி நேர்ந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது என்று மாணவர் நல நிதிக்காக இந்த விற்பனை. தேதியைத் தந்தவர் நந்தலால் போஸ்: டிசம்பர் 3 அவர் பிறந்த நாள்.

ஓவிய முதுகலை பணக்காரப் படிப்பல்ல, ஆனால் செலவு பிடிக்கும் படிப்பு. இலக்கிய மாணவர் நூலகத்தில் சமாளித்துவிடலாம். அச்சுக்கலை மாணவருக்குத் துத்தநாகத் தகடு, அமிலம், மை, நல்ல காகிதம் வேண்டும், சிற்பிக்கு வெண்கலம். கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை.

மேளாவில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தன் படைப்புக்கு விலை சொல்லும் கூச்சம் பலருக்கு இங்கேதான் தெளிகிறது. முதல் நாள் காலையில் முணுமுணுப்பாக வந்த விலை, மறுநாள் மாலைக்குள் கணீரென்று வருகிறது.